மாஸ்டர் போனதும் திறக்கும் டிக்கி

7

டிக்கி திறந்தது.

பக்கத்தில் ஆளே இல்லை. தையல் கடை வாசலில் தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்த வெள்ளைக் கார், யாரோ நல்ல ஜோக் சொல்லிவிட்டதுபோலப் பின்பக்கமாக வாயைப் பிளந்தது. உள்ளே ஓட்டல் சர்வர்களுக்காகத் தைத்த வெள்ளைக் கோட்டுகள் அடுக்காக உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்த்தன.

"பார்த்தீங்களா மேடம்? பார்த்தீங்கல்ல?" டெய்லர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் துள்ளினார். "நூல் வாங்கணும்னு இப்பத்தான் வெளிய போனான். அவன் போனதும் திறந்துக்கிச்சு. நானா பொய் சொல்றேன்?"

டோக்கன் அக்கா டிக்கியை விட்டுவிட்டு டெய்லரின் முகத்தைப் பார்த்தாள். ரயில் நிலையத்தில் தொலைந்த சாமான்களை வைத்திருக்கும் அறையில் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். குடைக்கு ஒரு டோக்கன், பெட்டிக்கு ஒரு டோக்கன், ஒரு தடவை கைக்குழந்தைக்கு ஒரு டோக்கன் என்று கொடுத்துக் கொடுத்து, பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. வேலையை விட்டதும் துப்பறியும் ஆபீஸ் போட்டாள். தொலைத்தவன் முகத்தை வைத்தே சாமான் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவாள் என்று பேச்சு.

அவளுக்கு உதவி, பிரேக்கு. முன்னாளில் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பழகுகிறவன் கிளட்சில் கால் வைப்பதற்குள் பக்கத்து சீட்டிலிருந்து இவன் பிரேக்கை மிதித்துவிடுவான். இவனிடம் படித்து லைசென்ஸ் வாங்கிய பலருக்கு, ஓடுகிற வண்டி எப்படி இருக்கும் என்பது லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

இந்தக் கேஸ் வந்ததிலிருந்து பிரேக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். கார் கேஸ். அவன் கேஸ். ஒவ்வொரு கேஸிலும் வெயிலில் அலைவது இவனாகவும், கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிச்சை அவிழ்ப்பது அக்காவாகவும் இருந்தால், மனுஷனுக்கு உள்ளே என்னதான் செய்யும்? பார்ட்டிகள் கையெடுத்துக் கும்பிடும்போதுகூட இவன் தலைக்கு மேலாகத்தான் அக்காவைக் கும்பிட்டார்கள். இந்த ஒரு தடவையாவது அக்கா வாயைப் பிளந்து இவனைப் பார்க்க வேண்டும் என்பது அவனுடைய நியாயமான ஆசை.

"எத்தனை நாளா இப்படி?" என்றான் அவன், அக்காவை முந்திக்கொண்டு.

"ரெண்டு மாசமா, மேடம்," என்று டெய்லர் அக்காவிடம் பதில் சொன்னார். "மொதல்ல நானும் கண்டுக்கலை. அப்புறம் ஒரு நாள் தூறல் போடும்போது திறந்துக்கிச்சு. தெருநாய் ஒண்ணு ஏறி, ஒரு சர்வர் கோட்டுக்குள்ள தலையையும் முன்னங்காலையும் விட்டுட்டு ஓடிப்போச்சு. இப்பவும் அந்தக் கோட்டோடதான் திரியுது. மத்த நாய்ங்ககூடப் பேசறதே இல்லை."

"ஆர்டர் எடுக்குதா?" என்றான் பிரேக்கு.

டெய்லர் அதற்கும் அக்காவையே பார்த்தார்.

நல்ல தையல்காரர். ஐம்பதைத் தொட்ட உடம்பு; முகத்தில் ஒரு வட்டம், கழுத்துக்குக் கீழே இன்னொரு வட்டம். "கல்யாணத்துக்கு முன்னாடி தைச்ச பேன்ட் இன்னிக்கும் எனக்கு ஏறும் மேடம். அதே முப்பத்தி நாலு," என்று கேட்காமலே சொன்னார். கேட்காமல் சொல்வதை டோக்கன் அக்கா எப்போதும் காது கொடுத்துக் கேட்பாள்.

கடையின் மூலையில் டெய்லரின் மனைவி மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். புருஷன் சொல்வது பிடிக்காவிட்டால் மெஷினை 'டர்ர்ர்' என்று ஓட்டினாள். ஊசிக்குக் கீழே துணியே இல்லை.

"ரெண்டாவது சாவி?" என்றாள் டோக்கன் அக்கா.

"நேத்தே உங்க கையில கொடுத்துட்டேனே. இன்னொண்ணு என்கிட்ட. மூணாவது ஒண்ணு அந்த மாஸ்டர்கிட்ட இருக்கு. இல்லைன்னா எப்படித் திறக்கும்? அவன் இந்தக் கடைக்கு வந்து மூணு மாசம். டிக்கி திறக்க ஆரம்பிச்சு ரெண்டு மாசம். வெட்டற கத்திரி எடுத்துக் கொடுக்கறதுக்கு இவளுக்கு எதுக்கு மேடம் அவ்வளவு சிரிப்பு? நான் வந்தா ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திடுவாங்க. என்ன பேசினீங்கன்னு கேட்டா, 'பட்டனுக்குக் காஜா போடறதைப் பத்தி'ன்னு சொல்லுவா. தினமும் காஜாவா?"

டர்ர்ர்ர்.

மெஷின் நின்றபோது அவள் எழுந்தாள். இஸ்திரி மேஜைக்குக் கீழே காலால் தட்டினாள். ஜிப் போட்டு மூடிய ஒரு துணிப்பை அங்கே இருந்தது.

"மேடம், நான் நேராவே சொல்லிடறேன். இன்னிக்குக் கடை சாத்தறதுக்குள்ள மாஸ்டரை நிறுத்தப் போறாராம். மாஸ்டர்தான் டிக்கியைத் திறந்தார்னா, அவருக்குச் சாவி கொடுத்தது யாரு? நான்னுதானே அர்த்தம்? அந்த அர்த்தத்தை வாசல்ல மாட்டிட்டு அதுக்குள்ள என்னால குடும்பம் நடத்த முடியாது. தங்கச்சிகிட்ட சொல்லியாச்சு. ஒண்ணு மாஸ்டர் இருப்பார், நானும் இருப்பேன். இல்லைன்னா ரெண்டு பேருமே இருக்க மாட்டோம்."

"பார்த்தீங்களா, 'ரெண்டு பேரும்'னு சொல்றா!" என்று டெய்லர் அலறினார்.

அதே நேரத்தில் கதவு திறந்தது. கட்டிங் மாஸ்டர் நூல்கண்டுகளோடு உள்ளே வந்தார். முப்பது வயசுக்குள் இருக்கும். ஆணியில் தொங்கவிட்ட இஞ்ச் டேப் மாதிரி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம்.

"அண்ணே, கறுப்பு நூல் ஒரு நம்பர் மாறி இருக்கு. பரவாயில்லையா?"

"ம்," என்றார் டெய்லர்.

"சர்வர் கோட்டுக்கு உள்பை வைக்கணுமா, வேணாமா?"

"வேணாம்."

"டிக்கி திறந்து கெடந்துச்சு. நான் மூடிட்டு வந்தேன்."

"சரி."

அருவி மாதிரி கொட்டிக்கொண்டிருந்த மனுஷன் சொட்டுச் சொட்டாக ஒழுகினார். கோபம் என்று பிரேக்கு நினைத்தான். டோக்கன் அக்கா மட்டும் டெய்லரின் முகத்தை விட்டுவிட்டு, அவர் சட்டையில் மேலிருந்து நாலாவது பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரேக்கு அவளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"அக்கா, இது சாதாரணக் கார் இல்லை. சாவியைச் சொருகவே வேணாம். பைக்குள்ள இருந்தாலே போதும், கைப்பிடியைத் தொட்டாக் கதவு திறக்கும். சாவியில ஒரு சின்னப் பொத்தான் இருக்கு, அதை அழுத்திப் பிடிச்சா டிக்கி. இந்தச் சாவி பேசறதை ஒட்டுக் கேட்டு நகல் எடுக்கற கருவி இருக்கு. மாஸ்டர் சட்டைக்குள்ள அதைத்தான் வெச்சிருக்கான்."

"கதவு ஒரு தடவையாவது திறந்திருக்கா?"

"இல்லை."

"ஏதாவது திருடு போயிருக்கா? நாயை விட்டுரு."

"இல்லை..."

"அவ்வளவு கஷ்டப்பட்டுக் கருவி வாங்கினவன், டிக்கியைத் திறந்து காத்தோட்டமா விட்டுட்டுப் போறானா?"

"உங்களுக்குப் பொறாமைக்கா," என்றான் பிரேக்கு. "நான் மொதல்ல கண்டுபிடிச்சுட்டேன்னு."

"இருக்கும்டா," என்றாள் அவள். "போய்ப் பிடிச்சுக் காட்டு."

எதிர்ப்பக்கம் ஒரு பட்டன் கடை. அங்கிருந்து பார்த்தால் கார், தையல் கடையின் கண்ணாடிக் கதவு, உள்ளே இருக்கிறவர்களின் தலை எல்லாம் தெரியும். பிரேக்கு அங்கே போய் நின்றான். கடைக்காரி நெற்றிக்கு மேல் மூக்குக்கண்ணாடியை ஏற்றியிருந்தாள்.

"எவ்வளவு பட்டன் வேணும்?"

"எவ்வளவு நேரம் இங்க நிக்கலாமோ, அவ்வளவு."

"சட்டைக்கா, கோட்டுக்கா?"

"இன்னும் பொண்ணு பார்க்கலை. எதுக்கும் ரெண்டும் காட்டுங்க."

அவள் சிரித்துவிட்டு ஒரு தட்டில் பட்டன்களைக் கொட்டினாள். "எதிர்க்கடை டெய்லர் சார் மாதிரியே பேசறீங்க. அவர் வந்தா மட்டும் நான் ஒரு பிடி சேர்த்துதான் போடுவேன். பேசிப் பேசியே வாங்கிடுவார். வீட்டம்மா கொடுத்து வெச்சவங்க."

இதுவரை எந்தக் கடையிலும் யாரும் பிரேக்குக்கு ஒரு பட்டன்கூடச் சேர்த்துப் போட்டதில்லை. அது ஒரு ஓரமாக மனசில் குத்தியது. கொஞ்ச நேரம் டெய்லரைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். மாஸ்டர் வெளியே வந்தார். ஒரு கையில் டப்பா, ஒரு கையில் விரித்த குடை. சட்டையில் பையே கிடையாது. ஊருக்கெல்லாம் பை வைத்துத் தைப்பவர் தன் சட்டைக்கு வைத்துக்கொள்ளவில்லை. காரைத் தாண்டினார். ஒன்றும் ஆகவில்லை. தெருவைக் கடந்தார். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பக்கம் கண்ணாடிக் கதவு மெல்ல ஆடி ஆடி மூடிக்கொண்டது.

டக்.

டிக்கி திறந்தது.

பிரேக்கு பட்டன் தட்டைத் தாண்டி ஓடினான். மாஸ்டரைத் தெருமுனையில் பிடித்துக் குடைக்குள் தலையை விட்டான். இடுப்பைத் தடவினான். முதுகைத் தட்டினான். டப்பாவைப் பிடுங்கித் திறந்தான். உள்ளே வேகவைத்த கேரட். கேரட்டுக்குக் கீழே மேலும் கேரட்.

"என்னங்க தேடறீங்க?"

"டிக்கியை யார் திறக்கறாங்கன்னு."

"டப்பாவுக்குள்ளயா?"

"குடையைச் சுருக்குங்க."

மாஸ்டர் சுருக்கினார். குடைக்குள் கம்பிகள்தான் இருந்தன. "நானும் பார்த்துட்டேங்க," என்றார் அவர் வருத்தமாக. "நான் வெளிய வந்தாத்தான் திறக்குது. சில நாள் பின்வழியாப் போய்ப் பார்த்தேன். அப்பவும் திறக்குது. நான் போறது அந்தக் காருக்கு எப்படித் தெரியுதுன்னு எனக்கே பயமா இருக்கு."

பிரேக்கு டப்பாவை மூடித் திருப்பிக் கொடுத்தான். பின்வழியாகப் போனால் கார் கண்ணிலேயே படாது. கருவி என்று ஒன்று இருந்தால் அது அவ்வளவு சுவர்களைத் தாண்டிக் காரோடு பேச வேண்டும். தன் கையாலேயே தன் கருவிக் கதையைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பினான்.

உள்ளே டோக்கன் அக்கா சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெய்லரும் மனைவியும் ஜோடியாக நிற்கிறார்கள். போட்டோவில் டெய்லருக்கு ஒரு வட்டம்தான், முகம் மட்டும். கழுத்துக்குக் கீழே பலகை மாதிரி இருந்தார்.

"எப்ப எடுத்தது?"

"போன மாசம் மேடம், கடை போர்டுல போடறதுக்கு. அன்னிக்கும் ஸ்டூடியோ வாசல்ல டிக்கி திறந்துக்கிச்சே! போட்டோக்காரர் 'ரெடி'ன்னு சொல்லி எடுத்து முடிச்சார். வெளிய டக்குன்னு சத்தம்."

"மாஸ்டரும் கூட வந்தாரா?"

"காய்ச்சல்னு லீவு போட்டான். திருட்டுப் பய, பின்னாடியே வந்திருப்பான்."

டர்ர்ர்ர்ர்.

"சாவிக்குப் பேட்டரி மாத்தினீங்களா?"

டெய்லர் ஆச்சரியப்பட்டார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? மாத்திக்கிட்டே இருக்கேன். பேட்டரிக் கடைக்காரன், 'சாவியை வெச்சுப் பாட்டு கேக்கறீங்களா'ன்னு கேக்கறான்."

அக்கா எழுந்தாள். "டெய்லர் சார், டிரயல் ரூம் எங்கே? பிரேக்கு, நீயும் வா."

டிரயல் ரூம் என்பது ஒரு கண்ணாடி, ஒரு முக்காலி, ஒரு திரை. அதற்குள் மூன்று பேர் நுழைந்தார்கள். அக்கா முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். பிரேக்கு பாதி உள்ளேயும் பாதி திரையிலுமாக நின்றான்.

"சாவி எங்கே வெச்சிருக்கீங்க?"

டெய்லரின் முகம் பூரித்தது. "எவனாலயும் எடுக்க முடியாத இடத்துல." அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பின பக்கம் கண்ணாடி இருந்ததால் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. சட்டையைத் தூக்கி, பெல்ட்டுக்கு உள்பக்கம், இடுப்புப் பட்டியில் ஒரு குட்டிப் பையைக் காட்டினார். "அந்த மாஸ்டர் மேல சந்தேகம் வந்த அன்னிக்கே எல்லாப் பேன்ட்லயும் நானே ரகசியமாத் தைச்சேன். சாவியை வெச்சு அளவெடுத்தேன். நூல் அளவுகூட இடம் விடலை. சாவி அங்க இங்க அசையாது. என் ஆயுசுல இவ்வளவு கச்சிதமா ஒரு பை தைச்சதில்லை மேடம்."

"அந்தக் கச்சிதம்தான் வினையாச்சு," என்றாள் டோக்கன் அக்கா. "மாஸ்டர் உள்ள இருக்கறப்ப நீங்க ஏன் 'ம்', 'சரி'யோட நிறுத்திக்கறீங்க?"

"பிடிக்கலை. பேசலை."

"பிடிக்காதவங்களைத் திட்டறதுக்குத்தான் நிறைய வார்த்தை வேணும். மூச்சை இழுத்து வயித்தை உள்ள பிடிச்சிருக்கறப்ப யாராலயும் நாலு வார்த்தை சேர்ந்து பேச முடியாது. காலையில அவர் கடைக்குள்ள வந்ததும் உங்க நாலாவது பட்டன் உள்ள போச்சு. இப்ப சாப்பிடக் கிளம்பிப் போனதும் வெளிய வந்துச்சு. வந்ததும் டக்."

டெய்லர் பின்வாங்கப் பார்த்தார். அதற்கு இடம் இல்லை.

"நான்..." என்றார் டெய்லர்.

"ஒல்லியா ஒருத்தர் பக்கத்துல நிக்கறார். சம்சாரம் பார்த்துட்டு இருக்காங்க. யாராயிருந்தாலும் இழுத்துப் பிடிக்கத்தான் செய்வாங்க. போட்டோக்காரர் முன்னாடியும் அதே கதைதான். விட்டதும் என்ன ஆகும்? பிரேக்கு, கார் சமாச்சாரம் உன் சமாச்சாரம். நீ சொல்லு."

பிரேக்குக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது சந்தோஷமாகவும், அது அக்காவுக்கு முதலில் புரிந்தது எரிச்சலாகவும் இருந்தது.

"சும்மா இருக்கறப்ப வயிறு சாவியை பெல்ட்டோட சேர்த்து அழுத்திட்டே இருக்கு," என்றான். "அழுத்தின பொத்தான் அழுத்தினபடியே கெடந்தா கார் கண்டுக்காது. பேட்டரிதான் தீரும். வயித்தை உள்ள இழுத்தாப் பொத்தான் விடுபடுது. பெருமூச்சு விட்டா மறுபடி அழுந்துது. நல்லா அழுத்திப் பிடிக்குது. கார் பாவம், சார் டிக்கியைத் திறக்கச் சொல்றார்னு நினைச்சுத் திறக்குது. சார், ரெண்டு மாசமா நீங்க பொறாமைப்பட்டு முடிக்கறப்ப எல்லாம் அது உங்களுக்குக் கதவு திறந்து விட்டிருக்கு."

"நம்ப மாட்டேன்," என்றார் டெய்லர்.

"வெளிய போய் டிக்கியை மூடு," என்று அக்கா பிரேக்கை அனுப்பினாள். மூடிவிட்டு வந்து திரைக்குள் தலையை நீட்டினான். "இழுங்க," என்றாள் அக்கா. டெய்லர் இழுத்தார். கண்ணாடிக்குள் அந்தப் போட்டோவில் இருந்த பலகை மனுஷன் வந்து நின்றான். "விடுங்க." விட்டார்.

வெளியே, டக்.

டெய்லர் மெதுவாகக் கண்ணாடியில் சாய்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மேடம், கார்லதான் கோளாறுன்னு சொல்லிடுங்க. கம்பெனித் தப்புன்னு சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நான் இன்னும் அதே முப்பத்தி நாலுதான்னு அவ நம்பிட்டிருக்கா. இவ்வளவு வருஷத்துல என்கிட்ட மிச்சமிருக்கற ஒரே அழகு அதுதான்."

"கார்ல கோளாறுன்னா மாஸ்டர் தப்பிச்சுடுவார்," என்றாள் டோக்கன் அக்கா. "ஆனா நீங்க சந்தேகப்பட்டது அப்படியே நிக்கும். உங்க சம்சாரம் கட்டி வெச்ச துணிப்பையும் மேஜைக்கடியில அப்படியே நிக்கும். நீங்க என்ன சொல்றீங்களோ அதுக்கு நான் தலையாட்டறேன். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, மாஸ்டர் சாப்பாடு முடிந்து திரும்பியிருந்தார். தன் கத்திரியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். மனைவி துணிப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள். இரண்டு பேரும் டிரயல் ரூமையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மூன்று பேர் போய் இவ்வளவு நேரம் என்ன பேன்ட்டைப் போட்டுப் பார்த்தார்கள் என்ற கேள்வி அவர்கள் முகத்தில் இருந்தது.

டெய்லர் பழக்க தோஷத்தில் வயிற்றை உள்ளே இழுத்தார். பேச வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் தோளில் இருந்த பையைப் பார்த்தார்.

விட்டார்.

முழுசாக விட்டார். இரண்டு மாசம் பிடித்து வைத்ததை எல்லாம் சேர்த்து விட்டார். நாலாவது பட்டன் ஓடிப்போய் மெஷினுக்குக் கீழே ஒளிந்துகொண்டது.

இந்தத் தடவை டிக்கி ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது. அதனால் வெளியே ஒரு சத்தமும் இல்லை.

"நான்தான்," என்றார். "டிக்கியைத் திறந்தது நான்தான். என் வயிறு. சாவியை மாஸ்டர் எடுத்துடக் கூடாதுன்னு இடுப்புல பை தைச்சு ஒளிச்சு வெச்சேன். மாஸ்டர் நிக்கறப்ப வயித்தை இழுத்துக்கிட்டேன். அவர் போனதும் விட்டேன். விட்டதும் அது அழுத்திடுச்சு. அவ்வளவுதான். அவர்கிட்ட சாவி இல்லை. நீ கொடுக்கலை. எனக்குத் தெரியும்... எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

மனைவியின் தோளிலிருந்து பை நழுவியது.

"என்ன சொன்னீங்க? அந்தப் பை சாவிக்கா?"

"எந்தப் பை?"

"இடுப்புப் பட்டிக்குள்ள. எல்லாப் பேன்ட்லயும்."

டெய்லர் திகைத்தார். "அது உனக்கு எப்படித் தெரியும்?"

"பின்ன, மாசாமாசம் உங்க பேன்ட்டைப் பிரிச்சு விடறது யாருன்னு நினைச்சீங்க? தானா வளருதுன்னா?" அவள் குரல் ஏறியது. "நீங்க டெலிவரிக்குப் போனதும் மொதல்ல நான் தனியா, இப்ப மூணு மாசமா நானும் மாஸ்டருமா உட்கார்ந்து இடுப்பைப் பிரிச்சு, அரை இஞ்ச் விட்டுத் தைச்சு, தையல் தெரியாம இஸ்திரி போட்டு வைப்போம். நீங்க மாட்டிக்கிட்டு, 'பார்த்தியா, அதே முப்பத்தி நாலு'ன்னு கண்ணாடி முன்னாடி நிப்பீங்க. இப்ப அது நாற்பது. அதைச் சொல்ல மனசு வருமா எனக்கு? நீங்க வந்தாப் பேச்சை நிறுத்தாம வேற என்ன செய்யறது?"

டெய்லர் குனிந்து தன் இடுப்பைப் பார்க்க முயன்றார். வழியில் வயிறு இருந்தது.

"அப்படிப் பிரிக்கறப்பத்தான் அந்தத் திருட்டுப் பை கண்ணுல பட்டுது," என்றாள் அவள். "மாஸ்டர்கிட்டக் கேட்டேன், 'நீங்க தைச்சதா?' சத்தியம் பண்ணினார், இல்லைன்னு. அப்ப நீங்களே எனக்குத் தெரியாமத் தைச்சிருக்கீங்க. எதுக்கு? எதை ஒளிக்கறதுக்கு? யாரு கொடுத்ததை வெச்சுக்கறதுக்கு?"

"யாரு எனக்கு என்ன கொடுக்கப் போறாங்க?"

"எதிர்க்கடையில அவ அள்ளி அள்ளிக் கொடுக்கறாளே, எங்க போகுது அதெல்லாம்?"

டெய்லர் கண்ணாடிக் கதவு வழியாக எதிர்ப்பக்கம் பார்த்தார்.

"பட்டன் கடைக்காரியா?" என்றார் டெய்லர். அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல எரிந்து பிரகாசமாயிற்று. "நீ... என் மேலயா? இந்த வயித்தோடயா?"

"சிரிக்காதீங்க. ரெண்டு மாசமா என் வயிறு எரியுது."

பிரேக்கு அக்காவின் காதில் சொன்னான்: "அக்கா, ஒரே கடையில வயிறு எரியறவங்க ரெண்டு பேர். கார் ஒருத்தர் வயித்துக்குத்தான் திறந்துச்சு. அதுவும் நல்லதுதான்."

"மூணு பேர்," என்றாள் டோக்கன் அக்கா. "மாஸ்டரைப் பாரு."

மாஸ்டர் சுற்றின கத்திரியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். கண்கள் கலங்கியிருந்தன.

"மாஸ்டர்," என்று டெய்லர் திரும்பினார். இரண்டு மாசத்தில் முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் அந்தப் பக்கம் போனது. "உங்களைத் திருடன்னு நினைச்சேன். அதுக்கும் மேலயும் நினைச்சேன். தப்பு. உங்க இடுப்பைப் பார்த்துப் பொறாமை. வேற ஒண்ணுமில்லை. மன்னிச்சுக்குங்க."

"என் இடுப்பா?" என்றார் மாஸ்டர். "அண்ணே, எனக்கு வயித்துல புண்ணு. காரம் கூடாது, எண்ணெய் கூடாது. மூணு வேளையும் கேரட். அண்ணி வறுத்த மீனை எடுத்துட்டு வந்து உங்க தட்டுல வைப்பாங்க. நீங்க முள்ளைக்கூட விடாம சாப்பிடுவீங்க. அதைப் பார்க்க முடியாமத்தான் அண்ணே நான் தினமும் குடையை விரிச்சுட்டு வெளிய ஓடறேன். இந்த ஊர்லயே நான் பொறாமைப்படற ஆள் நீங்க ஒருத்தர்தான்."

டெய்லர் கிட்டே போனார். மாஸ்டர் கையிலிருந்த கத்திரியை வாங்கினார். சுற்றின துணியைத் தானே பிரித்து, வெட்டு மேஜையில் அதன் இடத்தில் வைத்தார். பிறகு மனைவி பக்கம் வந்து, கீழே விழுந்த துணிப்பையை எடுத்து மேஜைக்குக் கீழே தள்ளப் போனார்.

"அங்க வேணாம்," என்றாள் அவள். "டிக்கியில வைங்க."

அவர் முகம் மறுபடி வெளுத்தது. "கிளம்பறியா? அதான் சொல்லிட்டேனே!"

"என்கிட்ட சொன்னீங்க. என் தங்கச்சிகிட்ட யாரு சொல்றது? 'அவர் என்னைச் சந்தேகப்படறார்'னு நேத்தே அழுதுட்டேன். அவ வீட்டுக்காரர், மாமியார், எல்லாரும் கூடிக் காத்துட்டு இருக்காங்க. நீங்களும் வர்றீங்க. ஏன் டிக்கி திறந்துச்சுன்னு நீங்களே உங்க வாயால சொல்றீங்க. வயித்தோட."

"வயித்தோடயா?"

"இழுத்துப் பிடிச்சுட்டுச் சொன்னா நம்ப மாட்டாங்க."

பிரேக்கு டெய்லரைப் பார்த்தான். தங்கச்சி வீட்டுக்காரர், மாமியார், கூடி நிற்கும் கூட்டம்; அங்கே போய் இந்த மனுஷன் இதைச் சொல்லப் போகிறான், சந்தோஷமாகச் சொல்லப் போகிறான். தனக்கு அப்படி ஒரு தண்டனை கொடுக்க இந்த ஊரில் ஒருத்திகூட இல்லையே என்று நினைத்துக்கொண்டான்.

"அக்கா," என்றான், "இந்தக் கேஸ்ல நான் ஒரு ஆளைத்தான் கண்டுபிடிச்சேன். அதுவும் தப்பான ஆள்."

"பின்வழியாப் போனாலும் திறக்குதுன்னு அவர் வாயிலிருந்து வாங்கினது நீதானே? உன் கருவிக் கதையை நீயே அடிச்சு நொறுக்கினியே. அது எனக்கு வராது," என்றாள் டோக்கன் அக்கா, அவனைப் பார்க்காமலே. "எனக்குப் பொறாமையாத்தான் இருந்துச்சு."

அவள் பொய் சொல்கிறாள் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. இருந்தாலும் நடை கொஞ்சம் மிதந்தது. போகிற வழியில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்த டிக்கியை அழுத்தி மூடிவிட்டு, தெரு ஓரமாக நின்றான்.

டெய்லர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டிய கனம். கோபத்தில் பெட்டி கட்டுகிறவர்கள் எப்போதும் அதிகமாகத்தான் எடுத்து வைப்பார்கள். காருக்குப் பின்னால் போய் நின்றார். மூடிய டிக்கி. கை இரண்டும் காலி இல்லை. பையைக் கீழே வைத்திருக்கலாம். பிரேக்கைக் கூப்பிட்டிருக்கலாம்.

கடைவாசலில் மனைவி நின்றாள். அவளுக்குப் பின்னால் மாஸ்டர். தெருவில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் இருந்தார்கள்.

டெய்லர் நிமிர்ந்தார். எல்லாரும் பார்க்க, மூச்சை நெஞ்சு நிறைய இழுத்தார். நாற்பது முப்பத்தி நாலாயிற்று. அப்படியே ஒரு விநாடி நின்றார். பிறகு, வெட்கம் என்பது இனி யாரோ ஒருத்தருடைய சாமான் என்பதுபோல, விட்டார்.

டக்.

டிக்கி திறந்தது. மாஸ்டர் கைதட்டினார். பிரேக்கு விசில் அடித்தான். டெய்லர் பையை உள்ளே வைத்துவிட்டு, கச்சேரி முடித்த வித்வான் மாதிரித் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

அவள் சிரிக்கவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"மூடுங்க," என்றாள். "மூடிட்டு இன்னொரு தடவை திறங்க. பட்டன் கடைக்காரி பார்க்கலை."